கோலாலம்பூரில் என் மனைவியைப் பேசிய பொலிஸ்

கோலாலம்பூரில் ஒரு ரயில் நிலையத்துக் கண்ணாடி அறைக்குள் வைத்து மலேசியப் பொலிஸ் என் மனைவி சுகந்தியைப் பேசிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பின்னேரம் நான் உறுதியாக நம்பினேன். நம்பிய முதல் நிமிடத்தில், உண்மையைச் சொன்னால், அந்தப் பொலிஸ்காரருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். இரண்டாம் நிமிடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

திருகோணமலைக்காரருக்கு இந்த வசனத்தின் பயங்கரம் உடனே விளங்கும். மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் வாய் திறந்து விஷயம் பரிமாறினால் அது கதைத்தல். பேசுதல் என்றால் ஏசுதல். "அம்மா பேசுவா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் தாய்க்கு வாய் பேச வரும் என்பதல்ல பொருள். வீட்டுக்குப் போனதும் வாங்கிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதே பொருள். மேடையில் பேசுகிறவர்களும் இருக்கிறார்களே என்பீர்கள். அவர்களும் பெரும்பாலும் யாரையாவது ஏசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் உட்துறைமுகத்தடியில் படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்பவன். இறக்கக்கண்டியிலிருந்து மூதூர் வரைக்கும் நடுக்கடலில் எஞ்சின் நின்றால் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அவர் வராவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். சுகந்தி கணித ஆசிரியை. வீட்டிலும் அப்படித்தான். எங்கள் ஒரே மகள் மதுரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாலையூற்று வீட்டை விட்டு மூவரும் ஒன்றாக வெளிநாடு கிளம்பியது இதுதான் முதல் முறை. கோலாலம்பூரில் தமிழ் விளங்கும், அதனால் தொல்லை இல்லை என்று சொல்லி அந்த நகரத்தைத் தெரிவு செய்தவன் நான். அந்த வசனத்தை இப்போது வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தடை இருக்கிறது.

விமான நிலையத்தில் முத்திரை குத்தி வெளியே விட்டதும் நான் மூன்று கடவுச்சீட்டுகளையும் வாங்கி இடுப்புப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தேன்.

"என்ரையை என்னட்டத் தாங்கோ" என்றாள் சுகந்தி.

"ஏலாது" என்றேன். மற்ற விஷயங்களில் நான் சொல்வழி கேட்கிற மனிதன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. காரணம் பிறகு வரும்.

எங்கள் முதல் குழப்பம் விமான நிலையத்துக்குள்ளேயே காத்திருந்தது. எந்தப் பலகையைப் பார்த்தாலும் "கெலுவார்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். இவ்வளவு அம்புக்குறிகள் ஒரே திசையில் போவதென்றால் கெலுவார் பெரிய பட்டணமாகத்தான் இருக்க வேண்டும், வந்த கையோடு அதையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்றேன். மதுரா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, அது வெளியே போற வழி. மலாய்."

எங்களை ஏற்றிக்கொண்டு போன கார்க்காரத் தம்பி தமிழ். "எந்த ஊரு அங்கிள்?" என்று கேட்டான். திருகோணமலை என்றேன். "சிலோனா?" "ஓம்" என்றேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வானொலியின் சத்தத்தைக் குறைத்தான். "சாமி கும்பிடுறீங்களா அங்கிள்? கும்பிடுங்க, கும்பிடுங்க."

ஓம் என்றால் எங்கள் ஊரில் ஆம் என்று பொருள் என்பதை அவனுக்கு விளக்கி முடிக்க இரண்டு சமிக்ஞை விளக்குகள் பிடித்தன. பிறகு, "உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் துறைமுகத்தின் ஆழம், அகலம், இயற்கை அமைப்பு, அதற்காக எந்தெந்த வெள்ளைக்காரன் எப்படியெப்படி அடிபட்டான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கப்பல் நிறைய வருமா?"

"இடம் நிறைய இருக்கு" என்றேன்.

அவன் மனம் நோகக்கூடாதே என்று, "மானும் இருக்கு" என்றேன்.

"மானா? ஸூலயா அங்கிள்?"

"பஸ் ஸ்டாண்டில."

அதன் பிறகு ஹோட்டல் வரைக்கும் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "பசியாறிட்டீங்களா?" என்றான். பசியாறுதல் என்றால் அங்கே காலைச் சாப்பாடு. அவ்வளவு ஆதரவான சொல்லை அவ்வளவு சாதாரணமாக ஒரு வாடகைக் காரிலிருந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரில் "திண்டிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்க மாட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் பசியாறினோம். தேங்காய்ப்பாலில் அவித்த சோறு, பக்கத்தில் பொரித்த நெத்தலி, ஒரு சிவப்புச் சம்பல், எல்லாம் வாழையிலைக்குள். நாசி லெமாக் என்று பெயர். எங்கள் வீட்டுச் சோற்றுக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. சுகந்தி சம்பலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"சீனி போட்டிருக்கினம்" என்றாள், பரீட்சைத் தாளில் பிழை பிடித்த குரலில். "சம்பலுக்கு ஆரேன் சீனி போடுவினமே?" அப்படியே இரண்டாவது பொதிக்குக் கை காட்டினாள்.

தேநீர்க் கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தேத்தண்ணியை முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். கிண்ணியாவில் என் வாடிக்கையாளர் ஒருவரின் மைத்துனர் இதைவிட உயரத்திலிருந்து ஊற்றுவார், ஒரு துளி சிந்தாது. அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பதிலுக்கு, "அஞ்சு வெள்ளி" என்றார். ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தேத்தண்ணிக்கு ஐந்து வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்க வேண்டுமா என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. மதுரா எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

பத்துமலைக்குப் போனோம். பொன்னிற முருகன் வானத்துக்கு நிற்கிறார். காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழுகிறது; என் தொப்பி விழுந்தது; அதை ஒரு குரங்கு எடுத்தது. எங்கள் கோணேசர் கோயில் வழியில் மான்கள் நிற்கும். கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பார்த்துக் கூச்சத்துடன் ஒரு அடி எடுத்து வைக்கும். இந்தக் குரங்குகளிடம் கூச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் அதனிடம் நயமாகக் கேட்டேன். ஒரு தோடம்பழத்தைக் காட்டினேன். அது தோடம்பழத்தையும் வாங்கிக்கொண்டது.

பிறகு சுகந்தி குரங்கைப் பேசினாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது, கோயிலடி. படியில் நின்ற ஒரு ஜப்பான்காரர் மொழி விளங்காமலே தன் தொப்பியைக் கழற்றிப் பிடித்தார். குரங்கு என் தொப்பியைக் கீழே வைத்து, கையை எடுத்து, பின்பக்கமாக இரண்டு படி நடந்து போனது. என் மனைவி பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அவளையே ஒருவர் பேசுவதென்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்!

மூன்றாம் நாள் பின்னேரம் அது நடந்தது.

அந்த நகரத்தில் சாரதியே இல்லாத ரயில் ஓடுகிறது. இதை மதுரா சொன்னபோது நான் நம்பவில்லை. எஞ்சினோடு சீவிக்கிறவனுக்கு இது மானப் பிரச்சினை. அதனால் ரயில் வந்து நின்றதும், "வா பிள்ளை, முன்னுக்குப் போய்ப் பாப்பம்" என்று மதுராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பெட்டியை நோக்கி ஓடினேன். சுகந்தி நின்ற இடத்துக் கதவால் மனுசரைப் போல ஏறினாள். நான் முன்கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து உள்ளே பார்த்தேன். உண்மைதான், சாரதி இல்லை. அதை அறிவிக்கத் திரும்பியபோது கதவும் இல்லை. பூட்டிவிட்டது. ஜன்னலுக்குள் சுகந்தியின் முகம் என்னைப் பார்த்தபடியே நகர்ந்தது. வாய் அசைந்தது. பேசினாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் ரயிலில் கதவு பூட்டிக் கண்டதில்லை. அது புறப்பட்ட பிறகும் ஓடி ஏறலாம். வழியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி ஏறலாம். கதவு ஒரு மனிதனின் மனைவியை வைத்துக்கொண்டு மனிதனை விட்டுவிட்டுப் போவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பரவாயில்லை அப்பா" என்றாள் மதுரா. "அம்மா அடுத்த ஸ்டேசன்ல இறங்கித் திரும்பி வருவா. நாங்கள் இதிலயே நிப்பம்."

நல்ல யோசனை. அதை விளங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. என் கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. மூன்று கடவுச்சீட்டுகளும் அதற்குள் இருந்தன. சட்டைப் பைக்குள் சுகந்தியின் தொலைபேசி இருந்தது; என்னுடையதை வீடியோ எடுத்தே சாகடித்துவிட்டு, அவளுடையதை வாங்கி வைத்திருந்தேன். உள்ளூர் இலக்கம் மதுராவிடம் மட்டும்தான். ஆக, என் மனைவி ஓர் அந்நிய நாட்டில் கையில் ஒரு துண்டு அடையாளமும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

வியாதியின் காரணம் இங்கே வருகிறது. நாங்கள் கலியாணம் முடித்த புதிதில், யுத்த காலத்தில், சீனன்குடாப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சுகந்தி அன்றைக்குச் சேலைக்குப் பொருத்தமாக வேறு கைப்பை கொண்டு வந்திருந்தாள். அடையாள அட்டை பழைய பைக்குள், வீட்டில். அவளை ஒரு பக்கமாக இருத்தினார்கள். பஸ் போய்விட்டது. நான் வெயிலுக்குள் நின்று எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன், பிறகு தெரியாத சிங்களத்தையும் சொன்னேன். பொழுதுபடத்தான் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைத்தான் அந்தக் காலத்தில் நல்ல செய்தி என்போம். வீடு வரைக்கும் அவள் என்னோடு கதைக்கவில்லை. என்னைப் பேசவும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அட்டைகள் எல்லாம் என் பொறுப்பில். அந்தக் காலத்து ஆட்கள் நாங்கள் கக்கூசுக்குப் போனாலும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவோம். பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று நானே அவளை வெறுங்கையோடு அனுப்பிவைத்திருந்தேன்.

"நீ இதிலயே நில்லு, அசையாத" என்று மதுராவுக்குக் கட்டளையிட்டுவிட்டு அடுத்து வந்த ரயிலில் பாய்ந்தேன். அவள் ஏதோ கத்தினாள். கதவு பூட்டிவிட்டது.

அடுத்த நிலையத்தில் சுகந்தி இல்லை. இந்தக் கரை, அந்தக் கரை, மேலே, கீழே என்று ஓடினேன். கணித ஆசிரியை அல்லவா, ஏதோ கணக்குப் போட்டு இன்னொரு நிலையம் போயிருப்பாள் என்று நானும் போனேன். அங்கே வேறொரு நிறத்துப் பாதை வந்து சேர்ந்தது. அதிலும் ஏறிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் அடிக்கடி ஒரு பெண் "என்சிக், என்சிக்" என்று இனிமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிப் பொரியல் விளம்பரம் போல என்று நினைத்தேன். இந்த நேரத்தில் கோழி ஒரு கேடா என்று ஒலிபெருக்கியைப் பார்த்து முறைத்தேன்.

ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் ஒரு சீனத்து அம்மா மரக்கறிப் பையோடு இருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று சுகந்தியின் தொலைபேசியை எடுத்தேன். கடவுச்சொல் தெரியாது. திரையில் மதுரா மூன்று மாதக் குழந்தையாகக் குப்புறக் கிடந்து சிரிக்கும் படம் மட்டும் தெரிந்தது. அவசரத்தில் அதையே காட்டி, எனக்குக் கைவந்த ஆங்கிலத்தில், "தொலைஞ்சிட்டா. கண்டீங்களோ?" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார், மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது நிலையக் காவலாளி ஒருவரும் கூட வந்தார். நல்லகாலம், தமிழர்.

"அண்ணே, பதறாதீங்க. பேபி எங்க மிஸ்ஸாச்சு?"

"பேபி இல்லை தம்பி. பேபியின்ர அம்மா."

"அப்ப பேபி யாருகிட்ட இருக்கு?"

"பேபி தனியத்தான் நிக்குது. பேபி பல்கலைக்கழகத்தில படிக்குது."

அவர் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் குடிக்கத் தந்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். சாரதி இல்லாத ரயில், கதவு, இலங்கை, கடவுச்சீட்டு. இடையிடையே பகிடியும் விட்டேன் போலிருக்கிறது. அவர் இரண்டு தரம் சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார். என் கைக்குள் தண்ணீர்ப் போத்தல் மட்டும் மூடி திறக்காமலே இருந்தது. காவலாளி கைவானொலியில் மலாயில் யாருடனோ கதைத்தார். பிறகு முகம் மலர்ந்து அந்த வசனத்தைச் சொன்னார்:

"கவலைய விடுங்க அண்ணே. ஒரு சிலோன்காரம்மா நீங்க சொன்ன ஸ்டேஷன்லதான் இருக்காங்க. போலீஸ் அவங்ககிட்ட பேசிக்கிட்டிருக்காங்க."

"பேசுகினமோ? ஏன் பேசுகினம்? அவ என்ன பிழை விட்டவ?"

"பிழையா? ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான் பேசுறாங்க."

சும்மா! ஒரு காரணமும் இல்லாமல்! "கனநேரமாப் பேசுகினமோ?"

அவர் மறுபடி கைவானொலியில் கேட்டார். "ஆமாண்ணே, ரொம்ப நேரமா. நல்லாத்தான் பேசுறாங்களாம்."

நல்லாப் பேசுவது என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு படி கிடையாது. "தம்பி, நான் அவையோட உடன கதைக்க வேணும்."

"என்ன கதைண்ணே?"

"கதையில்லை... கதைக்கிறது!"

"கதையெல்லாம் அங்க போய் சொல்லுங்க. ரயில் வந்திருச்சு, ஏறுங்க லா."

ஏற்றிவிட்டார். எந்த நிலையத்தில் என்னை இறக்கிவிட வேண்டும் என்று சீனத்து அம்மாவிடம் ஒப்படைத்தார். அவர் பக்கத்தில் இருந்தவருக்கு என்னைக் காட்டி, உடைந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்வது எனக்குக் கேட்டது: "இவருடைய குழந்தை காணாமல் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் கிடைத்திருக்கிறதாம்." பெட்டி முழுவதும் என்னைப் பார்த்துத் தலையசைத்தது.

நான் கடவுச்சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். பொலிசுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சுகந்தி திருப்பிப் பேசியிருப்பாள், அதுதான் பயம். குரங்குக்குப் பேசலாம், குரங்கிடம் கைவிலங்கு இல்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து பூட்டியபோது எனக்குச் சீனன்குடா வெயில் முதுகில் சுட்டது. குளிரூட்டிய பெட்டிக்குள் நான் ஒருவன் மட்டும் வியர்த்துக்கொண்டு நின்றேன்.

சீனத்து அம்மா உரிய இடத்தில் என்னைப் பிடித்துத் தள்ளினார். படியேறி ஓடினேன். கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, சீருடையில் ஒரு பெண், முன்னால் சுகந்தி. அவள் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் மதுராவும் நின்றாள். பிள்ளையையும் கூட்டி வைத்துப் பேசுகிறார்கள்!

கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று கடவுச்சீட்டுகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதையும் மறந்து, கத்தினேன்:

"அவவைப் பேசாதேங்கோ! பாஸ்போட் என்னட்ட இருக்கு! அவவில ஒரு பிழையும் இல்லை!"

பொலிஸ்காரப் பெண் மெல்ல எழுந்தார். சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தால் தமிழ். "ஏன் சார்? அவங்ககிட்ட பேசினா என்ன?"

"பேசக்கூடாது! பேசுறதெண்டால் என்னைப் பேசுங்கோ!"

அவர் முகம் மாறியது. "அவங்க பாஸ்போர்ட் எதுக்கு உங்க கையில இருக்கு?"

"எப்பவும் நான்தான் வைச்சிருக்கிறனான்."

"அவங்க போன்?"

"அதுவும் என்னட்டத்தான்."

"ஓ" என்றார். எனக்கும் சுகந்திக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, பயப்படாம சொல்லுங்க. நான் இருக்கேன். வீட்டுல இவர் உங்கள எப்படி வச்சிருக்கார்?"

சுகந்திக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். "ஐயோ தங்கச்சி, இவர் தங்கமான மனிசன்" என்றாள். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து எனக்கு ஒரு நாள் பேசினதில்லை."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாளும் இல்லை. பிள்ளைக்கும் பேசினதில்லை. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

பொலிஸ்காரப் பெண் மதுராவைப் பார்த்தார். மதுரா மேசையில் தலையை வைத்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் கிடந்தாள். "அழாதம்மா" என்று அவர் முதுகைத் தடவிக் கடதாசிக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். "அப்பா ஒரு வார்த்த பேசாத வீட்டுல வளர்ந்த பொண்ணு, அழுகை வரத்தான் செய்யும்."

மதுரா தலையைத் தூக்கினாள். அழவில்லை. சிரிப்பில் மூச்சு வாங்கியது. "அக்கா... எங்கட ஊரில... பேசுறதெண்டால் ஏசுறது!"

"ஏசுறதா? திட்டுறதா?"

"ஓம். நீங்கள் அம்மாவைத் திட்டினதெண்டு அப்பா நினைச்சிட்டார்."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பேசுறதுக்கு என்ன சொல்வீங்க?"

"கதைக்கிறது."

"சரி. அப்ப இவர் வீட்டுல கதைப்பாரா?"

"அதை நிப்பாட்டத்தான் ஏலாமல் கிடக்கு" என்றாள் சுகந்தி.

அவர் கதிரையில் விழுந்து சிரித்த சிரிப்பைக் கேட்டு வெளியில் நின்ற இன்னொரு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். பிடிமானத்துக்கு மேசையைப் பிடித்தேன். பொலிஸ்காரப் பெண் அதைக் கண்டுகொண்டு எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"உங்க வைஃப் சரியாத்தான் சொன்னாங்க சார். நீலச் சட்டை, தொப்பை, இடுப்புல ஒரு பை. எங்கயாவது நாலு பேர சிரிக்க வச்சுக்கிட்டு நிப்பார், அப்படி நின்னா ரொம்ப பயந்து போயிருக்கார்னு அர்த்தம், சீக்கிரம் கண்டுபிடிங்கன்னு அழுதாங்க."

எனக்கு விளங்கவில்லை. "என்னைப் பற்றி ஏன் சொன்னனீர்?" என்று சுகந்தியைக் கேட்டேன். "காணாமல் போனது நீரெல்லோ?"

அவள் என் கையிலிருந்த மூன்றில் தன்னுடையதைத் தேடி எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். கூரையிலிருந்து அந்த இனிமையான குரல் மறுபடியும் கோழி விற்கத் தொடங்கியது. இந்த முறை நின்று கேட்டேன். "என்சிக் பாலேந்திரன்" என்றது. என்சிக் என்றால் மலாயில் திரு. பாலேந்திரன் என்றால் நான்.

நடந்தது இதுதான். சுகந்தி அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த முதல் ரயிலில் ஏறி, நாங்கள் நின்ற இடத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். அங்கே மதுரா மட்டும் நின்றாள். தாயும் மகளும் சேர்ந்து போய் ஆளைக் காணவில்லை என்று பொலிசில் சொன்னார்கள். தொலைந்து போனவன் நான்.